தமயந்தி சொன்ன சரி

திண்டுக்கல்லில் ரஹ்மத்நிஷா என்று ஒரு மனநல ஆலோசகர் இருந்தார். பாதி வாழ்க்கையில் எல்லாம் புரண்டுபோனவர்கள்தான் அவரிடம் அதிகம் வருவார்கள். ஆலையை மூடிவிட்டதால் ஐம்பது வயதில் வேலை இழந்தவர். ஒரே மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் எந்த அறையில் உட்காருவது என்று தெரியாமல் தவிக்கும் தாய். மனைவி போனபின் பேச்சையே விட்டுவிட்ட ராணுவக்காரர். இவர்களில் யாருக்கும் ரஹ்மத்நிஷா புத்தி சொன்னதில்லை. அதனாலேயே ஊரில் சிலர் அவரை எதற்கும் உதவாத டாக்டர் என்றார்கள். அவர் டாக்டரும் இல்லை, அந்தப் பேச்சைச் சட்டை செய்ததும் இல்லை.

சோலைமலை அவரிடம் தொழில் பழக வந்தபோது அறுபது வயதைத் தாண்டியிருந்தார். ரஹ்மத்நிஷாவைவிட நன்றாக மூத்தவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, அதன்பிறகு உளவியல் படித்துப் பட்டம் வாங்கியவர். பள்ளிக்கூட வராந்தாவில் அவர் தலை தெரிந்தாலே மைதானம் அடங்கிவிடும் என்று பெயர். அப்பேர்ப்பட்டவரை ரஹ்மத்நிஷா ஒரு மூலை நாற்காலியில் உட்காரவைத்து, வருகிறவர்கள் பேசும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சோலைமலையும் மாதக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"மேடம், வர்றவங்க எல்லாம் வழி தெரியாமத்தான் வர்றாங்க. நாம அவங்களுக்கு என்னதான் குடுக்கிறோம்?"

வியாழக்கிழமை புதிதாக ஒரு அம்மா வருகிறார், அவரை நீங்களே பாருங்கள் என்றார் ரஹ்மத்நிஷா.

வந்தவர் பெயர் தமயந்தி. ஐம்பத்தேழு வயது. அவர் தானாக வரவில்லை. அண்ணன் தனபால் காரில் கூட்டிவந்தார், கணவர் வரதராஜனும் கூட வந்தார். மகளின் கல்யாணம் முடிந்த மறுவாரமே தமயந்தி இரண்டு பைகளோடு வீட்டைவிட்டு இறங்கிவிட்டார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் இடம் பிடித்து, ஒரு துணிக்கடையில் ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுக்கும் வேலையும் தேடிக்கொண்டார். வரதராஜன் குடிப்பவர் இல்லை, கை நீட்டியவர் இல்லை. அப்படிப்பட்டவரை விட்டுப் போனதால்தான் இது மனநோய் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். எப்படியாவது பேசி வழிக்குக் கொண்டுவாருங்கள் என்று தனபால் கேட்டுக்கொண்டார்.

சோலைமலைக்கு அது பழகிய வேலை. தமயந்தியை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். மகளின் மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்கள், நாளைக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள், இந்த வயதில் தனிமை ஒருவரை என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். அதட்டவில்லை, கனிவாகத்தான் சொன்னார். முடிவில் தமயந்தி சரி என்றார். அன்று மாலையே பைகளோடு வீட்டுக்குத் திரும்பியும் விட்டார்.

சோலைமலை ரஹ்மத்நிஷாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். குரலில் பெருமை இருந்தது.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் ரஹ்மத்நிஷா.

"சரின்னு சொன்னாங்க மேடம்."

"அதுக்கு முன்னாடி?"

சோலைமலை யோசித்துப் பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை. தமயந்தியின் குரல் எப்படி இருந்தது என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

"நேரம் கேட்டுப் போன் பண்ணப்ப அவங்க அண்ணனே சொன்னாரு சார், கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்ல அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லுவாங்கன்னு. அதை விட்டுட்டுத்தான் வெளிய வந்தாங்க. நீங்க திரும்பவும் சொல்ல வச்சிட்டீங்க."

ரஹ்மத்நிஷா இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சோலைமலைக்கு அவ்வளவு சுட்டிருக்காது. உடனே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சரிசெய்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினார். ரஹ்மத்நிஷா போகக் கூடாது என்றார். போனால் அங்கேயும் நீங்கள்தான் பேசுவீர்கள் என்றார். சோலைமலை செருப்பைக் கழற்றினார்.

அடுத்த வியாழக்கிழமை மூவரும் வந்தார்கள். வரதராஜன் கையில் ஒரு டப்பா லட்டு இருந்தது. இப்போது வீடு அமைதியாக இருக்கிறது, இன்னும் ஒரே ஒரு தடவை எடுத்துச் சொல்லிவிட்டால் போதும் என்றார். தமயந்தி கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அன்று ரஹ்மத்நிஷாவும் அறைக்குள் வந்தார். அந்த அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் வெளியே இருங்கள் என்று ஆண்களிடம் கேட்டுக்கொண்டார். வரதராஜன் பாதி எழுந்தார். தனபால் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எங்க வீட்டுப் பொண்ணு. எதுவா இருந்தாலும் எங்க முன்னாடியே பேசுங்க."

ரஹ்மத்நிஷா எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்து, அதைப் பிடித்தபடி நின்றார். வெளியே காத்திருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். தனபாலின் குரல் ஏறியது. குடும்பத்தைப் பிரித்துவிடுகிற பெண் என்று ஊர் முழுக்கச் சொல்வேன், அப்புறம் ஒரு ஆள் இந்த மாடிப்படி ஏற மாட்டான் என்றார்.

"தாராளமாச் சொல்லுங்க. படியேற ஆளில்லைன்னா நான் கீழ இறங்கி வந்து உக்காந்துக்கிறேன். இப்ப நீங்க வெளிய இருங்க."

கை வலித்திருக்க வேண்டும், கதவை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசியில் வரதராஜன்தான் முதலில் எழுந்து வெளியே போனார். தனபாலுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

கதவு மூடியது. ரஹ்மத்நிஷா வந்து உட்கார்ந்தார், பேசவில்லை. சோலைமலையின் தொண்டைவரை ஆறுதல் வார்த்தைகள் வந்து வந்து நின்றன. ஒவ்வொன்றையும் விழுங்கினார். ஒன்றை மட்டும் விழுங்க முடியவில்லை.

"அம்மா, போன வாரம் நான்தான் பேசினேன். நீங்க பேசறதைக் கேக்கல. தப்பு."

தமயந்தி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். தன் கணவர் கெட்டவர் இல்லை என்றார். ஆனால் என்ன குழம்பு வைப்பது என்பதிலிருந்து மகளுக்கு எந்த மாப்பிள்ளை என்பதுவரை அந்த வீட்டில் யாரும் எதையும் தமயந்தியைக் கேட்டதில்லை. நாளாக ஆக அது அவருக்கு வருத்தமாகக்கூடத் தெரியவில்லை. மகளின் கல்யாணத்தன்று மேடையில் போட்டோக்காரர், நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் அம்மா என்று சும்மா கேட்டிருக்கிறார். பதிலுக்குத் தமயந்தி திரும்பிக் கணவர் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

"எந்தப் பக்கம் நிக்கறதுன்னுகூட எனக்குத் தெரியல சார். அன்னிக்குத்தான் பயந்துட்டேன்."

விடுதியிலும் பயம்தான் என்றார். முதல் சில நாட்கள் தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். கடையில் நின்று நின்று கால் வீங்கிவிடுமாம். ஆனாலும் போன வாரம் வீட்டுக்குள் காலை வைத்தபோது வந்த பயம் அதைவிடப் பெரிது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"என்னைப் போன்னும் சொல்லாதீங்க, இருன்னும் சொல்லாதீங்க."

"சொல்லலைம்மா," என்றார் சோலைமலை.

தமயந்தி தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். நான் வீட்டுக்கு வரவில்லை, விடுதிக்குப் போகிறேன் என்று கணவரிடம் சொன்னார். தனபால் ஏதோ ஆரம்பித்தார். "இல்லண்ணே," என்றார் தமயந்தி. வரதராஜன் மனைவியைப் பார்த்தார். பிறகு, "பையைக் கொண்டுவந்து குடுக்கட்டுமா?" என்று கேட்டார். தமயந்தி நின்று யோசித்துவிட்டு, வேண்டாம், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று சோலைமலை ஆவலாகக் கேட்டார்.

"வர மாட்டேன் சார். கொஞ்ச நாளைக்கு யார்கிட்டயும் எதையும் கேக்காம இருந்து பாக்கணும்."

சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

சோலைமலை ஜன்னலுக்கு ஓடினார். கீழே தமயந்தி சாலையோரம் நின்றிருந்தார். ஒரு பேருந்து வந்து நின்றது. அதில் ஏறுவதா என்று தெரியாமல் அதை விட்டுவிட்டார்.

"மேடம், நம்மளையும் வேண்டாம்னுட்டுப் போறாங்க. கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்."

"நாளைக்கே தோத்துப்போய்த் திரும்ப வேண்டியதாயிட்டா?"

ரஹ்மத்நிஷா ஜன்னல் பக்கம் வரவில்லை. அடுத்தவருக்காக நாற்காலியை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"தோக்கட்டும் சார். சொந்தமாத் தோக்கறதுக்குக்கூட இதுவரைக்கும் அவங்களை யாரும் விட்டதில்லை."