கரடி கேட்ட கொசுறு

காட்டுக்குள் ஒரு தாமரைக் குளம். அதன் கரையில் குரங்கு தாவடியான் நாவல்பழக் கடை போட்டிருந்தான். பழத்தைத் தாமரை இலையில் பொட்டலம் கட்டிக் கொடுப்பான்.

வாங்க வருகிற யாரும் ஓர் இலையோடு போகமாட்டார்கள். "கொசுறா இன்னும் ரெண்டு இலை போடு!" என்பார்கள். கரடி கருத்தமுத்து நாலு கேட்பான். வீட்டுக்குப் போனதும் நாலையும் தூக்கி எறிவான்.

குளம் மொட்டையாயிற்று. வெயில் நேரே இறங்கித் தண்ணீர் சுட்டது. எவ்வளவு சூடு என்கிறீர்கள்? மீனைப் பிடித்த கொக்கு, "வெந்திருக்கு, உப்புத்தான் இல்லை!" என்றது. என் காதால் கேட்டேன்!

தவளை பச்சையம்மாவுக்கு எழுபது தலைப்பிரட்டைகள். நிழலில்லாமல் அவை வாயைப் பிளந்தன.

"அண்ணே, இலையைப் பறிக்காதீங்க! என் பிள்ளைங்க செத்துப்போகும்!"

"கேக்கிறாங்க, பறிக்கிறேன். அவங்ககிட்டச் சொல்லு தாயி!" என்றான் தாவடியான்.

கரடியிடம் ஓடினாள். "மாமா, உங்களுக்கு எதுக்கு நாலு இலை?"

"சும்மா கிடைக்கிறதை வேண்டாம்னு சொன்னா எங்க பரம்பரைக்கே இழுக்கு! போம்மா!"

வேறு வழி? குளத்துத் தவளைகள் எல்லாம் குஞ்சுகளுக்கு மேலே குடையாக மிதந்தன. அந்தக் களைப்பில் கொசு பிடிக்க ஒருவருக்கும் தெம்பில்லை.

மூன்றே நாள்! காடெங்கும் கொசு. கருத்தமுத்துவின் மூக்கு பலாப்பழமாய் வீங்கியது. கடைக்கு வந்து கத்தினான்.

"யாருடா எனக்கு இத்தனை கொசுவை அனுப்பினது?"

பச்சையம்மா தண்ணீரிலிருந்து தலையை நீட்டினாள். "நீங்க கேட்டதுதான் மாமா! எங்களைக் குடை பிடிக்க வெச்சிட்டு, கொசுறு கேட்டீங்க. அதுல 'கொசு' வந்திருச்சு. 'று' மட்டும் பாக்கி!"

கரடி மூக்கைப் பொத்திக்கொண்டான். "அந்த 'று' கடிக்குமா?"

"கொசுவே இப்படின்னா, நீங்களே பார்த்துக்குங்க!"

"ஐயோ, வேண்டாம்! ஓர் இலையும் வேண்டாம்! பழத்தைக் கையிலேயே கொடு!"

பின்னால் சொறிந்துகொண்டு நின்ற கூட்டமும் அதையே கத்தியது. மறுநாள் நரி கொட்டாங்குச்சியோடு வந்தது. முயல் சுரைக்குடுவை கொண்டுவந்தது. யானை எதையும் கொண்டுவரவில்லை, தும்பிக்கையை நீட்டிவிட்டது!

கடையில் அடுக்கிக் கிடந்த இலைகளைத் தாவடியான் குளத்தில் பரப்பினான். நிழல் விழுந்தது. தண்ணீர் குளிர்ந்தது. பச்சையம்மா பிள்ளைகளை எண்ணினாள். அறுபத்தொன்பது! மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அப்போது அவள் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"அப்பாடா! படுபாவி, அங்கேயா இருந்தே?" என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

வாங்குகிறவன் கேட்பதைத்தான் கடைக்காரன் பறிப்பான். தேவையில்லாததை வேண்டாம் என்று சொல்கிற வாய்தான் குளத்தைக் காக்கும்.