தடிமனாகச் சீவிய தோல்

"சிஸ்டர், நம்ம உரக்குழியில யாரோ திருடறாங்க."

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உரம் தயாரிக்கச் சொல்லிக்கொடுப்பவள் ஜெசிந்தா மிஸ். முதலில் பள்ளிக்கூடத்தில் ஒரு குழி. பழகியதும் அவரவர் வீட்டுக் கொல்லையில். வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. எதைக் கேட்பதானாலும் சமையற்கட்டில் இருக்கும் பெலிசிட்டா சிஸ்டரிடம்தான் வருவாள்.

சிஸ்டர் ஹாஸ்டலுக்குப் பூசணி சீவிக்கொண்டிருந்தார்.

"குப்பையையா?"

"சிரிக்காதீங்க சிஸ்டர். சாயங்காலம் போடறதுல பாதி காலையில இல்லை. இப்படிப் போனா உரம் எங்கேருந்து வரும்?"

"எது போகுது? எது இருக்கு?"

"உருளைக்கிழங்குத் தோல், பூசணித் தோல், முட்டைக்கோசோட மேல் இலை, இதெல்லாம் போயிடுது. முட்டை ஓடு, டீத்தூள், வாழைப்பழத் தோல் அப்படியே கிடக்கு."

கத்தி நின்றது.

"நாளையிலேருந்து தோலைக் கழுவிப் போடச் சொல்லு."

"குப்பையைக் கழுவறதா?"

"கழுவி, குழி ஓரமா ஒரு சாக்குல தனியா வைக்கட்டும். மண்ணு பட வேண்டாம்."

சிஸ்டர் மறுபடி சீவத் தொடங்கினார்.

"கொஞ்சம் தடிமனாவே சீவச் சொல்லு."

வகுப்பில் ஒரே சிரிப்பு.

"மிஸ், குளிப்பாட்டியாச்சு. பவுடர் போடணுமா?"

ஆனாலும் கழுவினார்கள். சாக்கில் வைத்தார்கள். காலையில் சாக்கு காலியாக இருந்தது.

ஒரு வாரம் பொறுத்தாள் ஜெசிந்தா. அப்புறம் ஒருநாள் ஆறரை மணிக்கே வந்து சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் நின்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை சமையற்கட்டு வாசலில் வந்து நின்றபோது அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"திங்கக்கிழமையே பிடிச்சிட்டேன் சிஸ்டர். உங்ககிட்ட நிறைஞ்ச சாக்கைக் காட்டிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். யாருன்னு நினைக்கறீங்க? நம்ம சகாயராணி! கிளாஸ் லீடர்!"

சிஸ்டர் திரும்பவில்லை.

"என்ன சொன்னா?"

"வீட்டுல ஆடு இருக்காம். ஆட்டுக்குத்தானாம். இனிமே எடுக்க மாட்டேன் மிஸ், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு காலைப் பிடிச்சுக்கிட்டா. பாவம், நானும் திட்டலை. அன்னையிலேருந்து ஒண்ணுகூடக் காணாமப் போகலை."

"நல்ல ஆடு."

"என்ன சிஸ்டர்?"

"வாழைப்பழத் தோலை வேண்டாங்கற ஆடு."

ஜெசிந்தாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

சிஸ்டர் கையைக் கழுவினார். செருப்பை மாட்டிக்கொண்டு குழிப் பக்கம் நடந்தார். பின்னாலேயே ஜெசிந்தா.

சாக்கில் நாலு நாள் தோல். கழுவியது. தடிமனாகச் சீவியது. எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"ஜூலைல அவளை ஹாஸ்டல்ல சாப்பிடக் கூப்பிட்டேன்" என்றார் சிஸ்டர். "அதுக்கப்புறம் பத்து நாள் ஸ்கூலுக்கே வரலை."

ஜெசிந்தா குனிந்து ஒரு தோலை எடுத்து எறும்பைத் தட்டிவிட்டாள்.

"திங்கக்கிழமைக்கு அப்புறம் வந்தாளா?"

அட்டென்டன்ஸ் நோட்டு ஜெசிந்தாவின் கையில்தான் இருந்தது. அதைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.