அடிபிடிச்ச லேகியமும் கீரி இளவரசியும்

என்ன, சம்மணம் போட்டு உக்காந்துட்டீங்களா? பறக்குற குதிரை வரும், ராஜகுமாரன் வாளை உருவுவான்னு காத்திருக்கீங்களா? வராது சாமி. வரப்போறது ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு சமையக்காரி.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, காக்காய்க்குப் பல்லு இருந்த காலத்துல, மஞ்சளூர்ல ஒரு ராஜா. அவரு மக இளவஞ்சிய ஒரு மந்திரவாதி கீரிப்பிள்ளையா மாத்திட்டான். மாத்திட்டு மூக்கால சிரிச்சான்.

"இந்த மூலிகைய லேகியமாக் கிண்டிக் குடுத்தா பொண்ணு திரும்புவா. மூணு நாழிகை, கரண்டி நிக்கக் கூடாது. கிண்ட வேண்டியது உங்க தங்காயி. மூலிகை மூணு சட்டிக்குத்தான்!"

தங்காயி அரண்மனைச் சமையக்காரி. கைமணம் அமிர்தம். மனசுதான் ஒரு எடத்துல நிக்காது. உப்பெடுக்கப் போவா, ஜன்னல்ல மேகத்தப் பாப்பா, கொழம்பு கரியாகும்.

மொத நாள். கிண்டினா, கிண்டினா, கிண்டினா. வாசல்ல ராஜா தலை.

"ஏ தங்காயி, ஆச்சா?"

"இன்னும் இல்லீங்க மகாராஜா"ன்னு திரும்பினா. கிரீடத்துல மயிலிறகு ஆடுச்சு. மயில் ஆடுனா மழை, மழைன்னா காயப்போட்ட வத்தல்... மாடிக்கு ஓடிட்டா! லேகியம் அடிபிடிச்சுது.

ரெண்டாம் நாள். கிண்டினா, கிண்டினா, கிண்டினா.

"ஏ தங்காயி, ஆச்சா?"

ராஜா செருப்புல சேறு. சேறுன்னா குளம், குளம்னா தாமரைக்கிழங்கு... கரண்டியோட குளத்துக்கே போயிட்டா!

"புத்தி இருக்கா உனக்கு?"ன்னு ராஜா கத்துனாரு. அவரு போனதும் தங்காயி கீரிகிட்ட அழுதா.

"வேணும்னு செய்யல தாயி. மனசு எப்பக் கெளம்புதுன்னே தெரியல. போன பெறகுதான் தெரியுது."

"போனாப் போகட்டும் அக்கா"ன்னுச்சு கீரி. "திரும்பி வர வழி பாப்போம்."

மூணாம் நாள், கடைசிச் சட்டி. தங்காயி மத்த அடுப்பையெல்லாம் அணைச்சா. ஜன்னலச் சாத்துனா. கதவுக்கு உள்தாழ்ப்பாப் போட்டா. கீரி அவ பாதத்து மேல படுத்துக்கிச்சு. மனசு மாடிக்குப் போச்சு, கரண்டி தளர்ந்துச்சு. கீரி கட்டைவிரல மெல்லக் கடிச்சுது. வந்துட்டா. குளத்துக்குப் போச்சு, கடிச்சுது, வந்துட்டா. எத்தன தடவ போனாளோ, அத்தன தடவ வந்துட்டா.

வெளிய கதவு அதிருது. "ஏ தங்காயி, ஆச்சா? ஏ தங்காயி!"

அவ திரும்பவே இல்ல. கிண்டினா, கிண்டினா, கிண்டினா.

மூணு நாழிகை முடிஞ்சுது. ஒரு உருண்டை கீரி வாயில போச்சு. குபீர்னு புகை! புகைக்குள்ள இளவஞ்சி, வாயெல்லாம் லேகியம், தங்காயி கழுத்தக் கட்டிக்கிட்டு நிக்கிறா. எங்கயோ மந்திரவாதி வயிறெரிஞ்சே சாம்பலாப் போனான்.

கதவத் தொறந்தா வாசல்ல ஊரே கூடியிருக்கு. இளவஞ்சி தன் முத்துமாலையக் கழட்டித் தங்காயிக்குப் போட்டா. ராஜா மீசைய முறுக்குனாரு.

"பாத்தீங்களா? மூணு நாளும் நான் விடாம வந்து வெரட்டுனேன், அதான் காரியம் நடந்துச்சு!"

எல்லாரும் தலையாட்டுனாங்க. வெறகு எறக்க வந்த மாடத்திக்கு மட்டும் வாய் நிக்கல.

"அட போங்க மகாராஜா! நீங்க கூப்பிடாம இருந்திருந்தா மொத சட்டியே பதமா எறங்கியிருக்கும்!"