ஓங்கில் மேலே வந்த கதை

அந்தக் காலத்தில், கடலில் இருப்பவையும் கரையில் இருப்பவர்களும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தபோது, ஓங்கில் மீனுக்கு, அதாவது டால்பினுக்கு, கடலின் அடிதான் வீடு. மேலே வானம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

கூரிச்சாமியும் செய்யது மீரானும் ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கப் போகிறவர்கள். கூரிச்சாமி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முங்குவான். மறுமுனை வள்ளத்தில் மீரான் கையில். மீரான் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால், ஏன் எதற்கு என்று கேட்காமல் கூரிச்சாமி மேலே வந்துவிட வேண்டும். அதுதான் பேச்சு.

அன்றைக்கு அடியில் ஓங்கில் துள்ளிக்கொண்டு வந்தது.

"அண்ணே, ஓடி வாங்க! அந்தப் பாறை இடுக்கில பாருங்க!"

கூரிச்சாமி எட்டிப் பார்த்தான். வலம்புரிச் சங்கு! ஆயுசு முழுக்க முங்கினாலும் கண்ணில் படாத சங்கு. கையை நீட்டினான். விரல் நுனி பட்டேவிட்டது.

கயிறு வெடுக்கென்று இழுத்தது.

"எடுத்துட்டுப் போங்கண்ணே! ஒரு நொடிதானே!" என்று கத்தியது ஓங்கில்.

கூரிச்சாமியின் உடம்பெல்லாம் அந்தச் சங்கைக் கேட்டது. ஆனாலும் கையை உதறிக்கொண்டு, காலை உந்தி மேலே பாய்ந்தான். இதை விட்டுவிட்டா போகிறார் என்று ஆச்சரியம் தாங்காமல் ஓங்கிலும் அவன் பின்னாலேயே பாய்ந்தது. அவர்கள் இருந்த இடத்தில் ஒரு பெருஞ்சுறாவின் வாய் டப்பென்று மூடியது. வெறும் தண்ணீர்தான் அதற்குக் கிடைத்தது!

வந்த வேகத்தில் ஓங்கில் கடலைக் கிழித்துக்கொண்டு அந்தரத்தில் எழும்பியது. வெயில்! காற்று! முதன்முதலாக மூச்சை இழுத்தது.

"சுறா வர்றது உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாது. மேலேருந்து பார்த்துட்டு மீரான் மச்சான் கூப்பிட்டான், வந்துட்டேன்." கூரிச்சாமி வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தான். "பெரியவங்க வாக்கு சாமி வாக்கு, முதல்ல கேளு, காரணம் பிறகு வரும்னு எங்கப்பா சொல்வாரு."

"எங்க வாப்பாவும் அதையேதான் சொல்வாங்க, மாப்ளே." மீரான் அவனை வள்ளத்துக்குள் தூக்கினான். "தொழுகைக்குக் கூப்பிடுற பாங்குச் சத்தம் கேட்டா, கையில என்ன இருந்தாலும் வச்சிட்டு எந்திரிக்கணும். படைச்சவன் கூப்பிடுறான். நமக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும்."

"ரெண்டு வீட்டுலயும் ஒரே பேச்சா!" ஓங்கில் வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. "எனக்கும் ஒரு கயிறு கட்டிவிடுங்கண்ணே!"

மீரான் சிரித்துவிட்டான். "நாங்க கட்டுனா அறுந்து போகும். மேல இருக்கிறவன்கிட்டக் கேளு."

கேட்டது. மூச்சே கயிறாகக் கிடைத்தது. அன்று முதல்தான், எவ்வளவு கொழுத்த இரை வாயருகில் இருந்தாலும், நெஞ்சுக்குள் மூச்சு கூப்பிட்டதும் போட்டது போட்டபடி ஓங்கில் மேலே துள்ளி வருகிறது.