வல்லூற்றின் நெஞ்சில் குறுக்குக் கோடு

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, வல்லூற்றின் நெஞ்சு தேங்காய்ப் பருப்பைப்போல வெள்ளையாக இருந்தது. ஒரு கோடுகூடக் கிடையாது.

கரட்டுக் குன்றுக்கு அடியில் வேலங்காட்டில் இருளாண்டி என்ற வேடன் இருந்தான். ஒரு பெண் வல்லூறு அவனுக்குக் காடையும் கவுதாரியும் பிடித்துக் கொடுத்துவந்தது. யாரும் அதைக் கட்டி வைக்கவில்லை. அதுவாக வந்து அவன் கையில் உட்காரும். முற்றத்து வேலமரத்தில் அதன் கூடு. குஞ்சுகள் பெருத்துக் கூட்டை நிறைத்துவிட்டதால் இரவில் தாய்க்கு அங்கே இடமில்லை. குடிசைக்குள் விட்டத்தில் வந்து அடையும்.

அதே விட்டத்தில்தான் இருளாண்டியின் மனைவி வெள்ளத்தாய் தன் தலைப்பிள்ளைக்குத் தூளி கட்டியிருந்தாள்.

“மாமா, அது பிள்ளையவே பாக்குது.”

“உன் பிள்ளை என்ன காடையாடி?” என்று சிரித்தான் இருளாண்டி.

மேலேயிருந்து வல்லூறும் சிரித்தது. “தாயி, நானே புறா அளவுதான் இருக்கேன். உன் பிள்ளையைத் தூக்கப் பார்த்தா நான்தான் கீழே விழுவேன். அதுவும் என் குஞ்சு மாதிரியே தூக்கத்துல வாயைத் திறந்து மூடுது. அதான் பார்த்தேன்.”

அது சொன்னது வெள்ளத்தாய்க்கு விளங்கத்தான் செய்தது. ஆனாலும் பயம் போகவில்லை. கஞ்சி இறங்கவில்லை. பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்து வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

அவள் படும் பாட்டைப் பார்த்து, இருளாண்டி வெளியே முற்றத்தில் வல்லூற்றுக்கு ஒரு கூண்டு கட்டினான். மூங்கிலைப் பிளந்து, கணுவைச் சீவி, பட்டைகளை நெருக்கமாக நிற்கவைத்து ஊன்றினான். பாதிக்கு ஓலை வேய்ந்தான். உட்காரும் கழியில் கயிறு சுற்றினான்.

“குறுக்கே ஒண்ணும் கட்டலையா? ஆடுதே,” என்றாள் வெள்ளத்தாய்.

“குறுக்கே பட்டை இருந்தா காலால பிடிச்சுத் தொங்கும். அடிச்சு அடிச்சு இறகு ஒடிஞ்சுபோகும். நெடுக்கே இருந்தா வழுக்கும், பிடி கிடைக்காது. சும்மா உட்கார்ந்திருக்கும்.”

வல்லூறு தானாகவே உள்ளே போனது. “உன் மனசு ஆறட்டும் தாயி. விடியும்போது மட்டும் திறந்துவிடு. குஞ்சுங்களுக்கு இரை கொடுக்கணும்.”

கொஞ்ச நாள் அப்படியே போனது. பிறகு வீட்டில் உப்புத் தீர்ந்தது. இருளாண்டி ஆற்றைத் தாண்டிச் சந்தைக்குப் புறப்பட்டான். “விடிஞ்சதும் திறந்துடு. மறந்துடாதே,” என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் அக்கரை போய்ச் சேர்ந்ததும் மலையில் மழை பெய்து ஆறு பெருகிவிட்டது.

விடிந்தது. வெள்ளத்தாய் கூண்டுக் கதவின் முடிச்சைப் பிடித்தாள். சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. உள்ளே பிள்ளை தனியே தூங்குகிறது. முடிச்சை விட்டுவிட்டாள்.

“கொஞ்சம் பொறு. அவர் வந்துடட்டும்.”

“குஞ்சுங்க பொறுக்காதே தாயி,” என்று வல்லூறு பட்டைகளை முட்டியது. மூங்கில் வளைந்து இடைவெளி விரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உயிரே போய்விட்டது. மிச்சம் கிடந்த பட்டைகளை அள்ளிவந்து, கீழிருந்து மேல்வரை குறுக்கே வைத்து நாரால் கட்டினாள்.

“குறுக்கே வேண்டாம் தாயி.”

“என் பிள்ளைக்காகத்தான் கட்டுறேன்.”

“தெரியுது. எனக்கும் பிள்ளை இருக்கு.”

வெள்ளத்தாய் குடிசைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். வேலமரத்தில் குஞ்சுகள் கத்தின. வல்லூறு குறுக்குப் பட்டைகளைக் காலால் பற்றித் தொங்கி, நெஞ்சால் மோதி, இறக்கையால் அடித்தது. குஞ்சுகள் கத்தும்போதெல்லாம் வெள்ளத்தாயின் மார்பில் தானாகப் பால் சுரந்து சேலை நனைந்தது. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை. நாளைக்கு அவர் வந்துவிடுவார், நாளைக்கு வந்துவிடுவார் என்று பிள்ளையை இறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கத்தல் குறைந்தது. பிறகு சுத்தமாக நின்றுபோனது.

அந்த அமைதியில்தான் அவள் ஓடிப்போய் முடிச்சுகளை அறுத்தாள். வல்லூறு பறக்கவில்லை. பறக்க இறகு மிச்சமில்லை. பட்டைகள் பதிந்த நெஞ்சில் வரிவரியாகச் செந்தழும்பு. அவளைத் திரும்பிப் பார்க்காமல் முற்றத்தில் நடந்தே போனது. மரத்தடியில் பசியோடு கூட்டிலிருந்து விழுந்து கிடந்த குஞ்சுகளில் ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. அதன்மேல் தாய் குனிந்து நின்றது. அதன் கண்ணீர் குஞ்சின் நெஞ்சில் சொட்டுச் சொட்டாக வழிந்து இறங்கியது.

ஆறு வடிந்து இருளாண்டி வந்தான். கூண்டைப் பார்த்தான். “குறுக்கே கட்டினது யாரு?”

“பயமா இருந்துச்சு மாமா.”

அவன் மரத்தடிக்குப் போய்க் கையை நீட்டினான். வல்லூறு வரவில்லை.

புது இறகு முளைக்கும்வரை வெள்ளத்தாய்தான் கறித்துண்டு கொண்டுபோய் வைத்தாள். அது எடுத்துக் குஞ்சுக்கு ஊட்டியது. “ஒரு வார்த்தை திட்டிட்டாவது போயேன்,” என்று அழுதாள். அது வாய் திறக்கவில்லை. ஒரு காலையில் குஞ்சோடு பறந்து போய்விட்டது.

அன்று முதல்தான் வல்லூற்றுக் குஞ்சின் நெஞ்சில் கண்ணீர் வழிந்ததுபோல நெடுக்கே துளித்துளியாகக் கோடு இறங்குகிறது. வளர்ந்ததும் அது மறைந்து, மூங்கில் பட்டை வைத்துக் கட்டியதுபோலக் குறுக்கே கோடு விழுகிறது. அன்று முதல்தான் அது மனிதரோடு பேசுவதும் இல்லை. இத்தனைக்குப் பிறகும், அதன் நிழல் முற்றத்தில் விழுந்தால் தாய்மார் ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.