பேரம் பேசி வாங்கிய இடுக்கு

"எவனோ ஒருத்தன் தினமும் என் வயித்தை உரசிக்கிட்டு ஓடுறான்! நேத்து என் மகளோட காலை மிதிச்சிட்டுப் போயிருக்கான். யார்டா அது? தைரியம் இருந்தா முன்னால வா!"

பெரியகொம்பி என்ற காட்டெருமை நடுவழியில் நின்று கத்தியது. அதன் பின்னால் இரண்டு வரிசையாக நாற்பது காட்டெருமைகள் நின்றன. எல்லாம் குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போகிறவை. வழியின் ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறுபக்கம் கள்ளி மண்டிய பள்ளம். இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு முழ இடுக்கு இருந்தது.

அந்த இடுக்கிலிருந்து ஒரு முயல் தலையை நீட்டியது.

"நான்தான்க்கா."

"நீயா? எதுக்குடா இந்த ஓட்டம்?"

"உங்க கூட்டம் குளத்துல கால் வச்சா தண்ணி சேறாயிடுது. பொழுது சாயற வரைக்கும் தெளியிறதில்லை. போன கோடையில அந்தத் தண்ணியைக் குடிச்சு வயித்துப்போக்குல செத்துப் பிழைச்சேன். உங்களுக்கு முன்னால போனாத்தான் எனக்கு நல்ல தண்ணி."

"அப்போ எங்களுக்கு முன்னால எந்திரிச்சுப் போறது!"

"தூக்கம் கலைய மாட்டேங்குதுக்கா."

பெரியகொம்பி நீளமாக மூச்சு விட்டது. "சரி, வழி தர்றேன். ஆனா நாங்க நிக்கிறப்ப மட்டும்தான் இடுக்குல வரணும். அதுவும் நடந்து வரணும். வழி நெடுக சத்தம் கொடுக்கணும். தலையில ஒரு சுரைக்குடுக்கையை மாட்டிக்கணும். சம்மதமா?"

முயல் பேரம் பேசியே பிழைத்த பிராணி. அது குடியிருந்த வளையே ஓர் உடும்பிடம் பேசிப் பிடுங்கியதுதான். சம்மதம் என்று ஒரே பேச்சில் சொல்ல அதற்கு வாய் வராது. முதலில் காதைத் தொங்கப் போட்டது. பிறகு, வேண்டாம் என்று போவது போல் இரண்டடி நடந்தது. அப்புறம் திரும்பியது.

"நிக்கிற மாட்டுக்கு நடுவுல ஓடினா என்ன, நடந்தா என்ன? நீங்கதான் அசையப் போறதில்லையே!"

பெரியகொம்பி யோசித்தது. "சரி, ஓடித் தொலை."

"அப்புறம் இந்தச் சத்தம். நாப்பது பேருக்கும் கத்தினா என் தொண்டை என்னாகும்? கடைசியில நிக்கிறவங்களுக்கு ஒரு சத்தம் கொடுக்கிறேன். அவங்க முன்னால சொல்லி அனுப்பட்டும்."

"கடைசியில வர்றது எங்க அத்தைடா. அவளுக்குக் காது மந்தம்."

"அது உங்க குடும்ப விஷயம்க்கா."

சுரைக்குடுக்கையில்தான் இழுபறி நீண்டது.

"காது மடங்குதுக்கா. காது மடங்கினா என்னை முயல்னு யார் மதிப்பா?"

"தலை இருந்தாத்தானடா காது!"

"கையில மாட்டிக்கிறேன். குடுக்கை என்கிட்ட இருக்கணும், அவ்வளவுதானே?"

வெயில் ஏறியது. பின்னால் கன்றுகள் தாகத்தில் ஒன்றையொன்று முட்டின. "எப்படியோ போ!" என்றது பெரியகொம்பி.

முயல் வழியெல்லாம் துள்ளியது. எதிரில் வந்த அணிலை நிறுத்திச் சொன்னது. "கேட்டதெல்லாம் வாங்கிட்டேன். பதிலுக்கு ஒரு புல்லுகூடக் கொடுக்கலை!"

நான்கு நாள் நன்றாகவே போயிற்று. ஒருநாள் ஒரு கன்று படுத்துக்கொண்டதால் வரிசை நின்றது. இன்னொரு நாள் யாரோ பாறையில் முதுகைச் சொறிந்தார்கள். நின்ற போதெல்லாம் முயல் பாய்ந்தது. முதல் ஆளாகக் குளத்தை அடைந்து, தன் முகம் தெரிகிற தண்ணீரைக் குடித்தது.

ஐந்தாம் நாள் வளைவில் வரிசை நின்றது. ஆமை அண்ணாச்சி வழியைக் கடந்துகொண்டிருந்தார். மெதுவாகக் கடக்கிறவர் கடந்து முடிக்கும் வரை நிற்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். பின்னாலிருந்த முயலுக்கு இது தெரியாது. அதன் கண்ணுக்குத் தெரிந்தது நாற்பது வாலும் ஓர் இடுக்கும்தான்.

"வர்றேன் அத்தை!" என்று ஒரு சத்தம் கொடுத்தது.

"என்னது?" என்று அத்தை கேட்பதற்குள் முயல் பாதி தூரம் போயிருந்தது. இரண்டு பக்கமும் கால்கள் சர்ரென்று பின்னால் போயின. பெரியகொம்பியின் குளம்பைத் தாண்டி வெளியே பாய்ந்தது. அங்கே அண்ணாச்சி இருந்தார்.

ணங்!

அண்ணாச்சி மல்லாந்து, ஓட்டின் மேல் இரண்டு சுற்று சுற்றி, பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றார். முயல் பாறையில் மோதி விழுந்தது. முன்பல் இரண்டும் போயின. ஒரு காது பாதியாகக் கிழிந்தது. வலது முன்னங்கால் ஒடிந்தது. இடது கையில் மாட்டியிருந்த சுரைக்குடுக்கைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

"நின்னா போகலாம்னுதானே பேச்சு!" முயல் பொக்கை வாயால் கத்தியது. "பேச்சை மீறினது யாரு?"

"யாரும் மீறலைடா. நாங்க நின்னோம். எதுக்கு நின்னோம்னு நீ கேட்டியா?"

"அது பேச்சுல இல்லையே!"

"இருந்துச்சு. நடந்து வந்திருந்தா அண்ணாச்சியைப் பாத்திருப்பே. வழி நெடுக சத்தம் கொடுத்திருந்தா அவர் நின்னிருப்பார். எல்லாத்தையும் பேசிக் குறைச்சது நீ. வெயிலுக்குப் பயந்து தலையாட்டினது நான். அது என் தப்பு."

விளிம்பிலிருந்து ஒரு குரல் வந்தது. "பேசி முடிச்சதும் யாராவது என்னைத் திருப்பிப் போடுங்கப்பா. பதட்டம் வேண்டாம். மண்ணு கொஞ்சம் சரியுது, அவ்வளவுதான்."

பெரியகொம்பி ஓரடி வைத்தது. விளிம்பில் விரிசல் விட்டது. சட்டென்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டது. "எங்க கனத்துக்கு அது தாங்காது. நீதான்டா போகணும்."

முயல் குளம் இருக்கும் பக்கம் பார்த்தது. "எனக்கு அவசரம்க்கா. தண்ணி கலங்கிடும்..."

"அவசரமா!" அந்த அதட்டலில் பாறையே அதிர்ந்தது. "நாப்பது பேரும் இங்கேயே நிக்கிறோம். ஒரு கால் குளத்துல படாது. போ!"

முயல் மூன்று காலில் நொண்டிக்கொண்டு விளிம்புக்குப் போயிற்று. ஓட்டின் மேல் தோளைக் கொடுத்தது. மண் சரிந்துகொண்டே இருந்தது. முயல் மூச்சு வாங்கியபடி குனிந்து கேட்டது.

"அண்ணாச்சி, பாதி திருப்பினாப் போதுமா?"

உயிரைக் காக்கிற நிபந்தனையைப் பேரம் பேசிக் குறைக்கிறவன் அடுத்தவர் உயிரையும் சேர்த்தே குறைக்கிறான். ஆகவே, இடுக்கில் பாய்கிற ஐயா, இனியாவது நீ கவிழ்த்தவரை முழுசாகத் திருப்பிப் போடு!