குஞ்சு காத்த விரால்

ஏரிக்கரை மடத்துக்குக் கார்மேகம் வந்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. இன்னும் காவி கிடைக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் குரு, "பார்க்கலாம்" என்பார். அந்த "பார்க்கலாம்" எப்போது முடியும் என்று மடத்தில் யாருக்கும் தெரியாது.

மனைவி செத்த துக்கம் தாங்காமல், வயதுக்கு வந்த மகளைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு வந்தவன் அவன். பற்றை அறுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டான். அப்படிச் சொன்னால் மரியாதையாக இருந்தது.

அன்று காலை மகள் மரகதம் மடத்து வாசலில் வந்து நின்றாள். சித்தப்பா அவளை ஒருவருக்கு இரண்டாம்தாரமாகப் பேசி முடித்திருந்தார். மறுநாள் நிச்சயதார்த்தம். அப்பா வந்து வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நின்றுவிடும்.

கார்மேகம் வெளியே வரவில்லை. சமையல்காரரை அனுப்பினான்.

"அப்பான்னு இங்க யாரும் இல்லைன்னு சொல்லிடுங்க."

மரகதம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மதியம் பக்கத்து ஊர்ச் சடையன் வந்தான். மடத்துக்கு அரிசி கொடுக்கிறவன்.

"அண்ணே, வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் விட்டும் எழுந்திரிக்க முடியல. விரால் சாறு குடுக்கச் சொல்றார் வைத்தியர். இந்த மாசத்துல எந்த விராலும் இரை எடுக்க மாட்டேங்குது. உங்களாலதான் முடியும்."

உங்களாலதான் முடியும் என்றால் யாருக்குத்தான் கால் நிற்கும்? அந்தப் பக்கத்தில் கார்மேகத்தைப் போலத் தூண்டில் போடுகிறவன் இல்லை. காவி வாங்க இருக்கிறவன் என்பதைக்கூட மறந்துவிட்டு, சடையனின் தூண்டிலை வாங்கிக்கொண்டு ஏரிக்குப் போனான்.

குஞ்சு பொரித்த விராலுக்கு இரையில் நாட்டம் இருக்காது. ஆனால் குஞ்சுகளின் நடுவே எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். அது கார்மேகத்துக்குத் தெரியும். கோரை ஓரமாக, செக்கச்செவேலென்று சின்னக் குஞ்சுகள் ஒரு கூட்டமாக மேலே வந்து வாய் திறந்துவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தன. தவளையைக் கோத்து அந்தக் கூட்டத்தின் நடுவில் போட்டான். தண்ணீர் ஒரு தடவை கலங்கியது. அவ்வளவுதான், விரால் மாட்டிக்கொண்டது.

சடையன் கும்பிட்டுவிட்டு மீனை வாங்கிக்கொண்டு ஓடினான்.

கார்மேகம் எழுந்து வரவில்லை. குஞ்சுகள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. அவற்றைத் தின்னக் கெண்டைகள் வந்தன. பிறகு ஒரு நீர்க்காகம் வந்தது. கார்மேகம் கல்லெடுத்து எறிந்தான். நீர்க்காகம் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. கல்லுக்குக் குஞ்சுகளும்தான் சிதறின.

குரு கரையில் வந்து நின்றார்.

"என்னப்பா, காவலா?"

"முடியல சாமி. இந்தப் பக்கம் விரட்டுனா அந்தப் பக்கம் வருது."

"அதோட சோடி எங்க?"

"இல்ல சாமி. ரொம்ப நேரமாப் பாக்குறேன். நான் புடிச்சது ஒண்ணுதான் காத்துக்கிட்டு இருந்திருக்கு."

குரு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சடையன் வீட்டுக்காரி எழுந்திருச்சிடுவா. அதை நினைச்சுக்க."

"அது இல்ல சாமி," என்றான் கார்மேகம். "தூண்டில் முள்ளை எடுக்கும்போது பாத்தேன். உதட்டுல பழைய வடு. முன்னாடி எவன் தூண்டில்லயோ மாட்டித் தப்பிச்சிருக்கு. ஒரு தடவை மாட்டுன விரால் தூண்டில் பக்கமே வராது. நான் எத்தனையோ பாத்திருக்கேன். இதுக்கு முள்ளுன்னு தெரியும். தெரிஞ்சேதான் கடிச்சிருக்கு."

"ம்."

"ஒதுங்கிப் போயிருக்கலாமே. ஏன் சாமி ஒதுங்கல?"

நீர்க்காகம் மறுபடியும் முங்கியது. இந்தத் தடவை கார்மேகம் கல்லை எடுக்கவில்லை.

"என்கிட்ட கேக்குறியே கார்மேகம்," என்றார் குரு. "நான் ஒதுங்கி வந்தவன்."

கார்மேகம் அவரைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கும் ஒரு பையன் இருந்தான். அதே வாசல்லதான் வந்து நின்னான். நானும் உன்னை மாதிரியே உள்ள இருந்துக்கிட்டு ஆள் விட்டுச் சொன்னேன். அன்னைக்கு எனக்குப் பெருமையாக்கூட இருந்தது."

"அப்புறம் வந்தாரா சாமி?"

"வரல. உன் பொண்ணும் வரமாட்டா. நீதான் போகணும்."